மாட்டுக்கு மருந்து, கழுகுக்கு நஞ்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழிந்துவரும் உயிரினங்கள் பற்றிய தங்கள் சிறப்புப் பக்கத்தில் புலி, யானை, வேட்டை, காடழிப்பு எல்லாம் இருந்தன. இறந்த விலங்குகளைத் தின்று வாழும் பாறு கழுகு பற்றி ஒரு வரிகூட இல்லை. பார்க்க அழகில்லாத பறவைதான், சரி. ஆனாலும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவரான எனக்கு அது பெரிய குறையாகவே பட்டது. இந்தப் பறவையை அழித்தது எங்கள் மருந்துப் பெட்டியில் இருந்த டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணி.

1990களில் இந்தியாவில் கழுகுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தபோது ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலரும் சந்தேகித்தார்கள். 2004-இல் பாகிஸ்தானில் செய்த ஆய்வு வெளியான பிறகே காரணம் பிடிபட்டது. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்துவிட்டால் மருந்து அதன் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிந்துவிடும். ஒரே சடலத்தில் கூட்டமாக உண்ணும் பறவை. ஆண்டுக்கு ஒரே முட்டை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். 1992-இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு கழுகுகள் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றுதான் மிஞ்சியது.

2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போயின. 2015-இல் அந்தக் குப்பியை 3 மி.லி. ஆகச் சுருக்க வேண்டியதாயிற்று. அப்புறம் கழுகுக்குக் கேடான வேறு வலி நிவாரணிகள் வந்தன: கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக். இவற்றுக்குத் தடை வந்தது 2023-இல். இத்தனைக்கும் மெலாக்சிகாம் என்ற மாற்று வலி நிவாரணி கழுகுக்குத் தீங்கு செய்யாது என்று 2006-லேயே தெரியும். இதையெல்லாம் பார்த்த பிறகும் ஸ்பெயின் 2013-இல் டைக்ளோஃபினாக்கை மாடுகளுக்கு அனுமதித்தது, என்ன சொல்ல!

மருந்து சந்தைக்கு வந்து, பறவை செத்து, அதன் பிறகு தடை என்ற இந்த வரிசைதான் மாற வேண்டும். கால்நடைக்கான எந்தப் புதிய வலி நிவாரணியும் கழுகுக்குக் கேடில்லை என்று தயாரிப்பாளரே நிரூபித்த பிறகு அனுமதி கொடுக்கட்டும். அருகிவிட்ட பறவையிடம் எப்படிச் சோதிப்பது என்று கேட்பார்கள். மெலாக்சிகாமை முதலில் ஆப்பிரிக்க இனக் கழுகுகளிடம் சோதித்துவிட்டுத்தான் ஆசியக் கழுகுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வழி இருக்கிறது.

அதுவரை சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சீட்டில் மெலாக்சிகாம் எழுதுங்கள். வேறு வலி நிவாரணி போட்ட மாடு இறந்துவிட்டால், ஆழப் புதைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்