பலாவை விறகுக்குக் கொடுக்க வேண்டாம்

பாலிக் புலாவ், பினாங்கு
10.12.2018

அன்புள்ள அப்பாவுக்கு,

முருகேசன் எழுதுவது. நலம். கடிதம் நேற்றுக் கிடைத்தது. நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியதிலிருந்து யாருடைய போனும் கிடைக்கவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

புயலில் சாய்ந்த கொல்லைப் பலா இரண்டையும் வியாபாரி விறகு விலைக்குக் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். தஞ்சாவூரில் வீணை கடைவது பலாவில்தானே, அதற்கு விறகு விலையா?

இங்கே என் வேலையே அதுதான். மேட்டுத் துரியான் தோட்டங்களுக்கு லாரி ஏறாது. சாய்ந்த மரத்தைக் கிடந்த இடத்திலேயே மெஷின் வாளால் பலகையாக்குகிறோம். கட்டையின் மேல் ஏணியைப் படுக்கவைத்து ஆணியடித்து, அதன் மீது வாளை இழுத்தால் முதல் பலகை நேராக வரும். மரத்தைத் துண்டு போடும் செயின் நீளவாக்கில் அறுக்க உதவாது. அதன் பல்லைப் பத்துப் பாகைச் சாய்வுக்குத் தீட்ட வேண்டும். வாள் போன பிளவில் ஆப்பு வைக்காவிட்டால் மேல்பலகை அமுங்கி வாளைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வோர் அறுப்பிலும் கால் அங்குல மரம் தூளாகிவிடும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அந்தத் தூளுக்கும் ஆள் இருக்கிறார், பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா. நான் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்பார். சாக்கை வாங்கி முகர்ந்து மரத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, கோழிக்கூட்டில் பரப்பக் கொண்டுபோவார். பதிலுக்கு முட்டை. என் மலாயும் அவர் மலாயும் சேர்ந்தால் அரை வாக்கியம் தேறும். இரவில் பெரும்பாலும் முட்டைக் குழம்புதான், சாப்பாட்டுக்குக் குறையில்லை. படுத்த பிறகும் கை அதிர்ந்துகொண்டே இருக்கும். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

போன மாதம் ஒரு தோட்டத்தில் பலா அறுத்தோம். உள்ளே வைரம் பாய்ந்த நடுக்கட்டை அதே மஞ்சள். தூள் முழங்கை வரை ஒட்டி, நம் கொல்லையில் நிற்பதுபோலவே வாசம். அந்தச் சட்டையை இன்னும் அலசவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் மரங்களைக் கணக்கெடுத்த பிறகே வாள் வையுங்கள். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்க்கட்டி சட்டென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். செல்வி பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வெட்டுமுனைகளில் உடனே பெயிண்ட் பூசுங்கள், இல்லாவிட்டால் வெடித்துவிடும். பலகைகளுக்கு இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பார்கள். நம் காற்றுக்கு முன்பே காயும். வீட்டு நிலைக்கும் கதவுக்கும் போக மீதியை விற்கலாம்.

முதலாளி தவுக்கே இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒருவிதத்தில் நல்லது, மொத்தமாக அனுப்பலாம். அதுவரை சின்னத்தம்பி மாமாவிடம் வட்டிக்குக் கேட்காதீர்கள். அவர் கணக்கு உங்களுக்கே தெரியும். கூரைக்கு ஓடு வாங்க எவ்வளவு ஆகும், கூட்டுறவுச் சங்கத்தில் நகை மீட்கக் கடைசி நாள் என்று, இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அப்பத்தாவுக்கு என் வணக்கம்.

அன்பு மகன்
முருகேசன்