குழந்தைகளோடு அருங்காட்சியகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டுப் பொதுக்குழுவில் இதே இடத்தில் நின்று, இத்தனை இடங்களுக்குக் குழந்தைகளை அழைத்துப் போனோம் என்று பெருமையாகப் பட்டியல் படித்தேன். இந்த ஆண்டு அந்தப் பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. வேண்டுமென்றேதான் குறைத்தோம். ஏன் குறைத்தோம், குறைத்ததில் என்ன கிடைத்தது என்பதுதான் இந்த அறிக்கையில் பெரும்பகுதி. கூட்டம், கணக்கு எல்லாம் பின்னால் சுருக்கமாக வருகிறது.

ஆண்டின் முதல் பயணத்தைப் பழைய முறையில்தான் நடத்தினோம். ஒரே காலையில் அருங்காட்சியகத்தின் எல்லாக் கூடங்களும், கையில் ஒரு வினாத்தாள், முன்னால் ஒருவர் விளக்கிக்கொண்டே போக மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். இரண்டாவது கூடம் முடிவதற்குள் சின்னவர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள், பெரிய பிள்ளைகளோ பொருளைப் பார்க்காமல் அதன் கீழே இருக்கும் அட்டையை மட்டும் படித்து ஆண்டையும் பெயரையும் தாளில் நிரப்பிவிட்டு அடுத்த பேழைக்கு ஓடினார்கள். வீட்டுக்கு வந்தபின் என்ன பார்த்தாய் என்று கேட்டால் படிக்கட்டில் இருந்த பூனையைத் தவிர எதுவும் நினைவில்லை. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்கு ஆர்வமே இல்லை என்று நம்மில் சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்தப் பூனையைப் பற்றி அவர்கள் சொன்ன விவரங்களைக் கேட்டிருந்தால் நீங்களும் ஏற்றிருக்க மாட்டீர்கள்.

அப்புறம் செயற்குழுவில் ஒருவர் ஒரு பழைய கட்டுரையைப் பற்றிச் சொன்னார். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் ‘அருங்காட்சியகச் சோர்வு’ பற்றி எழுதியது. ஓர் ஆளைக் காட்சிப் பேழைகளின் முன்னால் நிறுத்தி, உள்ளே இருக்கும் பொருட்களைப் பற்றிக் கேள்விகள் கொடுத்து, பதில் தேடி அவர் குனிவதையும் மண்டியிடுவதையும் எக்கிப் பார்ப்பதையும் கில்மன் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார். பார்க்க வருகிறவர் களைத்துப்போவதற்குப் பேழை வைத்திருக்கும் விதமே ஒரு காரணம் என்று அவர் சொன்னார். வளர்ந்த ஆளுக்கே இந்தப் பாடு. அடுத்த முறை போனபோது நான் ஆறு வயதுக் குழந்தையின் உயரத்துக்கு மண்டியிட்டுப் பார்த்தேன். பல பேழைகளில் எனக்குத் தெரிந்தது மரச்சட்டமும் கண்ணாடியில் பிரதிபலித்த விளக்கும்தான். அன்றிலிருந்து இரண்டு மடக்கு முக்காலிகள் நம்மோடு வருகின்றன. முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டால் யாரும் மறுப்பதில்லை.

வினாத்தாளை நிறுத்திவிட்டோம். ஒரு பயணத்துக்கு ஒரு கூடம், அதில் ஒவ்வொரு குழந்தையும் தானே தேர்ந்தெடுக்கும் ஒரே பொருள், அதை உட்கார்ந்து வரைவது, அவ்வளவுதான். அழகாக வரைய வேண்டும் என்பதில்லை. வரையும்போது கண் ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது, கேள்வியும் அப்போதுதான் வருகிறது.

பானை ஓடுகள் வைத்திருந்த கூடத்தில் நடந்ததை விரிவாகவே எழுதிவைக்கிறேன். ஒரு பையன் எல்லாரும் தாண்டிப்போன உடைந்த ஓடு ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான். “அக்கா, இதுல யாரோ விரலை வச்சிருக்காங்க” என்றான். முதலில் எனக்குத் தெரியவில்லை, அவன் நின்ற இடத்தில் நின்று சாய்ந்து பார்த்தபின்தான் அந்தப் பள்ளம் தெரிந்தது. அங்கிருந்த காப்பாட்சியரை அழைத்தோம். களிமண் ஈரமாக இருக்கும்போது குயவரின் விரல் அழுந்திய தடம் அது, சுட்டபின் மண் இறுகிவிட்டதால் பானை உடைந்தும் தடம் அழியவில்லை என்று அவர் சொன்னார். உடனே பிள்ளைகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அது எந்த விரல், வலது கையா இடது கையா, சின்ன விரல் என்றால் அதைச் செய்தது குழந்தையா? சுடும்போது களிமண் சுருங்கும், அதனால் தடமும் சுருங்கியிருக்கும், அளவை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பையன் கண்ணாடியைத் தொடாமல் தன் விரலைத் தடத்துக்கு நேராகக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றான். கால் மணி நேரத்துக்கு மேல் அந்த ஒரே ஓட்டின் முன்னால் இருந்தோம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஓவியத்தின் முன்னால் ஒருவர் நின்ற நேரத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்கும் குறைவாக நின்ற அளவு) வெறும் 17 நொடிதான். பேர்பெற்ற ஓவியங்களுக்கே அப்படி.

பெரியவர்கள் பார்க்காததைக் குழந்தை பார்ப்பது புதிதல்ல. ஸ்பெயினில் அல்டமிரா குகைக்கு 1879-இல் தொல்பொருள் ஆர்வலரான சௌடுவோலா தன் எட்டு வயது மகள் மரியாவோடு போனார். அவர் பழைய கற்கருவிகளைத் தேடித் தரையையே பார்த்துக்கொண்டிருக்க, மேலே பார்த்து விலங்குகளின் ஓவியங்களைக் கண்டவள் அவள்தான். அவை கற்கால மனிதர் வரைந்தவை என்று சௌடுவோலா சொன்னபோது, அவ்வளவு பழையவையாக இருக்க முடியாது என்று அறிஞர்கள் பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் முக்கியமானவரான பிரெஞ்சுத் தொல்லியலாளர் கார்த்தையாக் தன் தவற்றை 1902-இல் எழுதி ஒப்புக்கொண்டார், ஆனால் சௌடுவோலா 1888-லேயே இறந்துவிட்டிருந்தார். இந்தக் கதையை வண்டியிலேயே சொல்லிவிட்டோம். அன்று போன பழைய கட்டடத்தில் பிள்ளைகள் நுழைந்ததும் முதலில் கூரையைத்தான் பார்த்தார்கள்.

‘தொடாதே’ என்ற சொல்லைப் பற்றி. காரணம் சொல்லாமல் அதைச் சொல்வதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. வியர்வையில் உப்பு இருக்கிறது, அது உலோகத்தை அரிக்கும் என்று ஒருமுறை சொன்னால் போதும், அப்புறம் அவர்களே மற்றவர்களைத் தடுப்பார்கள். துணிகள் இருக்கும் அறை ஏன் மங்கலாக இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். துணி, தாள், நீர்வண்ண ஓவியம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சம்தான் பொதுவாக வைப்பார்கள், ஒளியால் வெளுத்த சாயம் இருட்டில் வைத்தாலும் திரும்பி வராது என்று சொன்னோம். கற்கால ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகையை மக்கள் பார்வைக்குத் திறந்தபின் வந்தவர்களின் மூச்சுக் காற்றாலும் ஈரத்தாலும் ஓவியங்கள் கெடத் தொடங்கி, 1963-இல் மூடவேண்டி வந்ததையும் சொன்னோம். மூச்சுவிட்டாலே கெடுமா என்று கேட்டுவிட்டு ஒரு சின்னவன் அறையை விட்டு வெளியே வரும்வரை வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒரு குறையையும் பதிவுசெய்ய வேண்டும். ஓர் இடத்துக்கு முன்னதாகத் தொலைபேசியில் கேட்டு, திறந்திருக்கும் என்று பதில் வாங்கிய பின்னும், போய்ச் சேர்ந்தபோது பழுதுபார்க்கும் வேலைக்காக உள்ளே விடவில்லை. பிள்ளைகள் வெகுதூரம் வந்திருந்தார்கள், எனக்குக் கோபம்தான். சரி என்று வெளிப் படிக்கட்டில் உட்காரவைத்தோம். படிகளின் நடுப்பகுதி மட்டும் குழிந்திருப்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள், ஓரத்தில் ஏன் தேயவில்லை என்று ஏறி இறங்கிப் பார்த்தார்கள். சுவரில் யாரோ கீறிவைத்த பெயர்களைக் காட்டி ஒரு பெண், “இதையும் ஒருநாள் கல்வெட்டுன்னு சொல்வாங்களா?” என்றாள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயின் சுவர்க் கிறுக்கல்களை இன்று அறிஞர்கள் படிக்கிறார்கள் என்பதால் அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தச் சுவர்கள் அன்று புழக்கத்தில் இருந்த வீடும் தெருவும், இதுவோ நம்மிடம் பாதுகாக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டது, கீறியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்று சொன்னேன். அவள் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த பயணத்திலும் அதையே பேசிக்கொண்டு வந்தாள், எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

செயற்குழு ஒழுங்காகக் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைக்கிறார். வண்டி ஏற்பாடு செய்தவர்களுக்கும், தங்கள் நேரத்தைத் தந்த காப்பாட்சியர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ஏப்ரல் 18 உலக மரபுச் சின்னங்கள் நாளையும், மே 18 அருங்காட்சியக நாளையும் ஒட்டி இரண்டு பயணங்கள். அந்த நாட்களில் கூட்டம் இருக்கும் என்பதால் முந்திய வாரமே போக யோசனை. புதிய இடங்களைச் சேர்ப்பதைவிடப் போன இடங்களுக்கே திரும்பப் போக வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன், பொதுக்குழு விவாதித்து முடிவுசெய்யட்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும், இப்போது ஆள் போதவில்லை. வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச்செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் பயணம் அந்தப் பானை ஓட்டுக் கூடத்துக்குத்தான். அந்தப் பையன் இப்போதே கேட்டுவைத்திருக்கிறான், தன் விரல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.