குதிரையின் அட்டை உங்கள் கையில் இருக்கட்டும்: டஞ்சன் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டஞ்சன் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை உருட்டிக் கூட்டாகக் கதை ஆடும் ஆட்டம்; அதை நடத்துகிறவர்தான் டஞ்சன் மாஸ்டர். அந்த மேசையைத் தமிழில் பேசிக்கொண்டே நடத்துகிறவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். விதிப்புத்தகத்தை எழுதுகிறவர்களுக்கே இதை எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நான் கேட்கப்போவதற்குப் புது விதி எதுவும் வேண்டாம். இருக்கிற விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தைப் பயன்படுத்த வேண்டியவர் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்.

காவியங்களில் வரும் மாதிரி ஒரு பெயர்பெற்ற குதிரையை உங்கள் கதைக்குள் கொண்டுவரும்போது, அதை வேகமான வண்டியாக ஆக்கிவிடாதீர்கள். அதற்குச் சொந்த முடிவு எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அந்த முடிவுகளை நீங்களே எடுங்கள். கேட்க வந்தது இதுதான். மீதியெல்லாம் ஏன், எப்படி என்பது.

விதியில் குதிரையின் நிலைமை எல்லோருக்கும் தெரியும். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சவாரிக் குதிரைக்கு 13 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), போர்க்குதிரைக்கு 19. ஃபயர்பால் என்ற நெருப்புருண்டை மந்திரத்துக்கு உருட்டுவது எட்டு ஆறுபக்கப் பகடைகள், சராசரி 28. அடியைக் குறைக்கப் போடும் சேவிங் த்ரோ பகடையில் குதிரை ஜெயித்தாலும் பாதி அடி விழும், அதாவது சராசரியாக 14. சவாரிக் குதிரை அதிலேயே செத்துப்போகும். இதை ஒருமுறை பார்த்துவிட்ட ஆட்டக்காரர்கள் அப்புறம் குதிரைக்குப் பெயர் வைப்பதையே விட்டுவிடுகிறார்கள். குகை வாசலில் ஒரு மரத்தில் கட்டிவிட்டு உள்ளே போகிறார்கள், திரும்பி வரும்போது அது இருக்கிறதா என்றுகூடக் கேட்பதில்லை.

இதற்கு நம்மில் பலர் கண்டுபிடித்த மருந்து எண்களைக் கூட்டுவது. 150 ஹிட் பாயிண்ட் கொடுக்கிறோம், வேகத்தை 100 அடியாக்குகிறோம், டிராகனுக்கு இருக்கிற மாதிரி ஒரு நாளைக்கு மூன்று லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற சேவிங் த்ரோவை ஜெயித்ததாக மாற்றும் சக்தி) சேர்க்கிறோம். சரி, குதிரை சாகாது. ஆனால் இந்த எண்களை எழுதிவைக்கும் அட்டையில் குதிரை என்ற பெயரை அழித்துவிட்டுப் பெரிய ஓநாய் என்று எழுதினாலும் ஆட்டத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. இதில் காவியம் எங்கே இருக்கிறது?

காவியம் எப்படி இருக்கும் என்று பார்க்க ரக்ஷிடம் போக வேண்டும். ஃபிர்தௌசி 1010 வாக்கில் எழுதி முடித்த பாரசீகக் காவியம் ஷாநாமா. அதில் வரும் ருஸ்தமின் குதிரைதான் ரக்ஷ். மாசந்தரானுக்குப் போகும் வழியில் ருஸ்தம் ஒரு நாணல் காட்டில் படுத்துத் தூங்கிவிடுகிறான். அது ஒரு சிங்கத்தின் இருப்பிடம். சிங்கம் வருகிறது. ரக்ஷ் முன்னங்கால்களால் அதன் தலையில் அடித்து, முதுகில் பல்லைப் பதித்து, அதைக் கிழித்துப் போடுகிறது. எழுந்து பார்த்த ருஸ்தம் பாராட்டவில்லை, கோபப்படுகிறான். நீ செத்திருந்தால் இந்தக் கதாயுதத்தையும் கவசத்தையும் நான் எப்படிச் சுமந்துகொண்டு போவேன், ஏன் என்னை எழுப்பவில்லை என்கிறான்.

அடுத்து ஒரு இரவு ஒரு டிராகன் வருகிறது. இந்த முறை ரக்ஷ் சொன்ன பேச்சைக் கேட்கிறது: சண்டைக்குப் போகாமல் எஜமானை எழுப்புகிறது. ருஸ்தம் விழித்ததும் டிராகன் இருட்டில் மறைந்துவிடுகிறது. தூக்கத்தைக் கெடுத்தாய் என்று திட்டு. இரண்டாம் முறையும் அப்படியே. இன்னொரு தடவை எழுப்பினால் உன்னை வெட்டிப்போட்டுவிட்டு நடந்தே போவேன் என்று ருஸ்தம் மிரட்டுகிறான். மூன்றாம் முறை டிராகன் வரும்போது ரக்ஷ் தவிக்கிறது. முன்னால் டிராகன் பயம், பின்னால் எஜமானின் பயம். ஆனாலும் மனசு கேட்காமல் ஓடிப்போய் எழுப்புகிறது. அந்த முறை டிராகனால் மறைய முடியவில்லை. சண்டையில் ரக்ஷ் அதன் தோளைக் கடித்துப் பிடிக்க, ருஸ்தம் தலையை வெட்டுகிறான்.

இந்த இரண்டு காட்சிகளிலும் ரக்ஷின் வேகம் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சவாரி செய்கிறவன் தூங்கும்போதும் தப்பாக நினைக்கும்போதும் அது என்ன செய்தது என்பதுதான் கதை. இதை உங்கள் மேசைக்கு அப்படியே கொண்டுவரலாம். குழு முகாம் போட்டுத் தூங்குகிறது. காவல் பகடை தோற்றுவிட்டது. வழக்கமாக நீங்கள் நேராகத் தாக்குதலுக்குப் போவீர்கள். அதற்குப் பதிலாகக் குதிரை வந்து போர்வையை இழுக்கட்டும். எழுந்தவர் பகடை போட்டால் எதுவும் தெரியவில்லை. அரை மணி கழித்து மறுபடி இழுக்கட்டும். மூன்றாம் முறை அந்த ஆட்டக்காரர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். குதிரைமேல் அவருக்கு உள்ள நம்பிக்கை அங்கே தெரிந்துவிடும்.

விதியில் இடம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? சவாரிச் சண்டை பற்றிய பகுதியில் இரண்டு வழிகள் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட குதிரை சவாரிக்காரரின் இனிஷியேட்டிவிலேயே, அதாவது சண்டையில் அவர் முறை வரும்போதே, நகரும். டாஷ் (கூடுதல் ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (அடிபடாமல் விலகுவது), டாட்ஜ் (தற்காத்துக்கொள்வது) என்ற மூன்றைத் தவிர எதுவும் செய்ய முடியாது. சுதந்திரமான குதிரைக்குத் தன் இனிஷியேட்டிவ் உண்டு, அது தன் விருப்பப்படி நகரும், தாக்கும், ஓடும். புத்தியுள்ள பிராணிகள் சுதந்திரமாகத்தான் நடந்துகொள்ளும் என்று 2014 புத்தகத்தின் அதே பகுதி சொல்கிறது. பல மேசைகளில் இந்த இரண்டாம் வழியைப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள், ஆட்டக்காரரின் உரிமை பறிபோகும் என்று பயந்து. பறிபோகாது. ஆட்டக்காரர் பேசலாம், கெஞ்சலாம், கடிவாளத்தை இழுக்கலாம். ஆனால் முடிவு குதிரையுடையது. ரக்ஷ் மாதிரி ஒன்றைக் கொடுக்கும்போது அட்டையை அவரிடம் நீட்டாதீர்கள், உங்கள் திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, குதிரை கைக்கு வரும் விதம். புத்தகத்தில் போர்க்குதிரை 400 பொற்காசு. காசு கொடுத்தால் முடிந்தது. ரக்ஷின் விலை என்ன என்று ருஸ்தம் கேட்டபோது, நீ ருஸ்தம் என்றால் இதில் ஏறிப் போய் ஈரான் மண்ணைச் சரிசெய், இதன் விலை ஈரான்தான் என்கிறான் மேய்ப்பன். இப்படி ஒரு விலையைச் சொல்லும் மேய்ப்பன் இருந்தால் கேம்பெய்ன், அதாவது பல நாள் ஆடும் தொடர்கதை, முழுவதற்கும் அது ஒன்றே போதும்.

அலெக்சாண்டரின் குதிரை புசெபலஸின் கதையில் காசு இருக்கிறது, ஆனால் அதனால் பயன் இல்லை. பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்கிறபடி, அதை மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் கொண்டுவந்த வியாபாரி கேட்டது 13 தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய 26 கிலோ வெள்ளி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குதிரை யாரையும் ஏறவிடவில்லை, திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார் பிலிப். சிறுவன் அலெக்சாண்டர் மட்டும் ஒன்றைக் கவனித்தான்: தரையில் முன்னால் விழுந்து ஆடும் தன் நிழலைக் கண்டுதான் குதிரை மிரள்கிறது. கடிவாளத்தைப் பிடித்து அதைச் சூரியனைப் பார்க்கத் திருப்பினான். கொஞ்சம் தடவிக்கொடுத்தான், மேலங்கியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு ஏறிவிட்டான்.

இந்தக் காட்சியை ஒரு அனிமல் ஹேண்ட்லிங் (விலங்கைக் கையாளும் திறன்) பகடையில் முடித்துவிட்டால் எவ்வளவு பெரிய நஷ்டம்! தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மைதானத்தை வர்ணியுங்கள். வெயில் எந்தப் பக்கம், குதிரை எப்போது பின்வாங்குகிறது, எப்போது நிதானமாகிறது என்று சொல்லுங்கள். மேகம் வந்தபோது ஒரு நிமிடம் அமைதியாக நின்றது என்று ஒரு வரி போடுங்கள். ஆட்டக்காரரே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தவருக்குப் பகடையே கேட்காதீர்கள். அந்தப் பயம் அதற்கப்புறமும் போய்விடக் கூடாது. விளக்கு பின்னால் இருக்கும் சுரங்கத்தில் அது மறுபடி மிரளும், அதை நினைவில் வைத்திருக்கும் சவாரிக்காரர்தான் சமாளிப்பார்.

சக்தி எதுவுமே வேண்டாமா என்றால், வேண்டும். ஒன்றே ஒன்று, வேறு யாராலும் முடியாதது. நார்ஸ் புராணக் கடவுள் ஓடினின் குதிரை ஸ்லெய்ப்னிருக்கு எட்டுக் கால் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஓடினின் செத்துப்போன மகன் பால்டரை மீட்க ஹெர்மோட் அதன்மேல் ஒன்பது இரவு சவாரி செய்து செத்தவர்களின் உலகத்துக்குப் போனது. அந்த உலகமான ஹெல்லின் வாசற்கதவு முன்னால் ஹெர்மோட் இறங்கி, சேணத்தின் வயிற்றுப்பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, மறுபடி ஏறித் தட்டிவிடுகிறான். குதிரை கதவில் படாமல் அதற்கு மேலே தாண்டிவிடுகிறது. இறங்கிப் பட்டையை இறுக்கும் அந்த நேரத்தை உங்கள் மேசையிலும் கொடுங்கள். எல்லாச் சுவரையும் தாண்டும் குதிரை வேண்டாம், அந்த ஒரு வாசலைத் தாண்டட்டும்.

பேசும் குதிரைக்கும் இதேதான். ஸ்பீக் வித் அனிமல்ஸ் முதல் லெவல் மந்திரம், அதைப் போடத் தெரிந்தவர் எந்தக் குதிரையோடும் பத்து நிமிடம் பேசலாம். அப்படியிருக்கப் பேச்சு ஒரு அதிசயமாக இருக்க வேண்டுமானால் அதை அரிதாக்க வேண்டும். கிரேக்கக் காவியமான இலியட்டில் வீரன் அக்கிலீசின் குதிரை சாந்தோஸ் ஒரே ஒருமுறை பேசுகிறது, ஹேரா தேவி கொடுத்த குரலில். இன்று உன்னைக் காப்பாற்றுவோம், ஆனால் உன் சாவு நெருங்கிவிட்டது என்கிறது. அத்தோடு பழிவாங்கும் தேவதைகளான எரின்னிகள் அதன் குரலை அடக்கிவிடுகிறார்கள். நீங்களும் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்.

மற்ற நேரத்தில் எப்படி நடிப்பது? எங்கள் மேசையில் ஒரு டஞ்சன் மாஸ்டர் குதிரைக்காக மனிதக் குரலில் பேசியதே கிடையாது. காதை மட்டும் சொல்வார். "இடது காது உன் பக்கம், வலது காது கதவுப் பக்கம்" என்பார், அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் கதவைப் பார்ப்போம். காது பின்னால் ஒட்டிப் படிந்தால் கோபம். ஒரு பின்னங்காலை லேசாக மடித்து ஓய்வாக நின்றால் நிம்மதி. மூக்கு விரிந்து பலமாகச் சீறினால் ஏதோ சரியில்லை. குதிரைக்குக் கிட்டத்தட்ட 350 பாகை பார்வை உண்டு, ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது தெரியாது. பதுங்கி வரும் திருடனை எந்தக் கோணத்தில் அது கவனிக்கும், எதில் கவனிக்காது என்று முடிவுசெய்ய இது போதும்.

தமிழ்நாட்டுக் கதை வேண்டும் என்கிறவர்களுக்கு நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் இருக்கிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட, சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிவருகிறார். இரவில் அவை மறுபடி நரிகளாகி, லாயத்திலிருந்த மற்ற குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடிப்போகின்றன. மன்னனுக்குக் குதிரை ஒப்படைக்கும் பொறுப்பை உங்கள் குழுவிடம் கொடுத்து, அந்த இரவை ஒரு முழு செஷனாக நடத்திப்பாருங்கள்.

கடைசியாகச் சாவு. பாலடின் என்ற புனிதப் போர்வீரரின், குதிரையை வரவழைக்கும் ஃபைண்ட் ஸ்டீட் மந்திரத்தில் குதிரை செத்தால் மறைந்துவிடும், மறுபடி மந்திரம் போட்டால் அதே குதிரையை வரவழைக்கலாம். அதில் தப்பில்லை. ஆனால் போன தடவை எப்படிச் செத்தோம் என்பது அதற்கு நினைவிருக்கட்டும். பாலத்தில் தள்ளிவிடப்பட்டுச் செத்த குதிரை அடுத்த பாலத்தில் தயங்க வேண்டும்.

திரும்பி வராத குதிரை என்றால் ரக்ஷின் முடிவைப் பாருங்கள். ருஸ்தமின் தம்பி ஷகாத் வேட்டை நிலத்தில் குழிகள் வெட்டி, உள்ளே ஈட்டிகளை நட்டு, மேலே மூடிவைக்கிறான். புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை ரக்ஷுக்குத் தெரிந்துவிடுகிறது. மேலே போக மாட்டேன் என்று உடம்பைச் சுருட்டிக்கொள்கிறது. ருஸ்தம் பொறுமை இழந்து சவுக்கால் தொடுகிறான். இரண்டு பேரும் குழிக்குள் விழுந்து சாகிறார்கள்.

உங்கள் கேம்பெய்னில் இந்தக் குழியை வெட்டுங்கள். ஆட்டக்காரர்களின் பாசிவ் பெர்செப்ஷன் (பகடை போடாமலே கவனிக்கும் திறன்) எட்டாத ஒரு பொறி, குதிரைக்கு மட்டும் வாசனை தெரிகிறது. என்ன வாசனை என்று சொல்லாதீர்கள். நின்றுவிட்டது, காது முன்னால், மூக்கு தரையில் என்று மட்டும் சொல்லுங்கள். பின்னால் எதிரி துரத்திக்கொண்டு வரட்டும். சவாரிக்காரர் கட்டாயப்படுத்தினால் அனிமல் ஹேண்ட்லிங் பகடையை நேர்மையாகப் போடவிடுங்கள். அதில் ஜெயித்தால் குதிரை கீழ்ப்படியும், குழிக்குள் போகும். இறங்கி நின்று தரையைத் தடவிப் பார்த்தால் குழி தெரியட்டும், அப்புறம் துரத்துகிறவர்களை என்ன செய்வது என்று அவர்களே யோசிக்கட்டும். எதுவானாலும் நீங்கள் பகடையை மாற்றாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மேசைகளில் ஒன்றில் ஆடுகிற ஒருவர்