பூட்டிய வீட்டை ஊரறியச் செய்த பராமரிப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
உங்கள் ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர்,
ஈசூன், சிங்கப்பூர்.

பெறுநர்
கிளை மேலாளர்,
வெளிநாடுவாழ் உரிமையாளர்களுக்கான வீட்டுப் பராமரிப்புப் பிரிவு,
கும்பகோணம் கிளை.

தேதி: 10.02.2025

பொருள்: அரசலாற்றங்கரையில் உள்ள எங்கள் வீட்டில் நடந்த திருட்டு – உங்கள் சேவைக் குறைபாடு – விளக்கமும் இழப்பீடும் கோருதல்.

ஐயா,

வணக்கம். பொங்கல் கழிந்த வாரத்தில் எங்கள் வீட்டில் திருடு போனது உங்களுக்குத் தெரியும். உங்கள் வாடிக்கையாளர் சேவை மையம் அதற்கு ஒரு டிக்கெட் எண் கொடுத்தது. மறுநாளே "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று குறுஞ்செய்தியும் வந்துவிட்டது. என்ன தீர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அதனால்தான் எழுத்தில் எழுதுகிறேன்.

கொல்லைக் கதவின் நாதாங்கியைக் கடப்பாரையால் நெம்பி உள்ளே வந்திருக்கிறார்கள். கூடத்தில் இருந்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஜோடி, சமையலறைப் பரணில் இருந்த செப்பு அண்டா, வெண்கல உருளிகள், ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலி, கிணற்று மோட்டார், அதற்குப் போகும் ஒயர் எல்லாம் போய்விட்டன. ஊஞ்சல் பலகையைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டுச் சங்கிலியை மட்டும் கழற்றியிருக்கிறார்கள். அவசரம் அவசரமாக அள்ளிக்கொண்டு ஓடியவர்கள் செய்கிற வேலை இல்லை இது. நேரம் கிடைக்கும், யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் செய்தது.

இது எப்படி வெளியே தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேமரா சொல்லவில்லை, உங்கள் ஆளும் சொல்லவில்லை. சம்பா அறுவடைக்கு மிஷின் ஓட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் போனவர், எங்கள் கொல்லைப் படல் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுச் சித்தியிடம் சொல்லியிருக்கிறார். சித்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். உங்களுக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் கட்டுகிறேன். சித்திக்கு ஊருக்கு வரும்போது ஒரு டப்பா தைலமும் கொஞ்சம் மிட்டாயும்தான்.

திருடர்கள் வந்ததற்கே உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. பத்துப் பூட்டுப் போட்டாலும் உடைக்கிறவன் உடைப்பான். ஆனால் இத்தனை வீடுகள் இருக்கும் ஊரில் எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்து அவன் கையில் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி. கடந்த சில வாரங்களாகத் தேடியதில் எனக்குத் தெரியவந்தது இது: எங்கள் வீடு காலியாக இருக்கிறது என்பதை ஊர் முழுக்கத் தெரியப்படுத்தும் வேலையைத்தான் உங்கள் நிறுவனம் ஒழுங்காகச் செய்திருக்கிறது.

முதலில் உங்கள் முகநூல் பக்கத்தைப் பாருங்கள். கார்த்திகை சமயத்தில் போட்ட பதிவு இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. "சிங்கப்பூர் வாடிக்கையாளரின் முற்றம் வைத்த பாரம்பரிய வீடு. வருடத்தில் பதினோரு மாதம் பூட்டியிருந்தாலும் பளபளப்பு குறையாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று எழுதி, படங்களும் வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். குத்துவிளக்கு ஒரு படம். ஊஞ்சல் ஒரு படம். கொல்லைக் கதவு ஒரு படம். கடைசிப் படத்தில் வாசலும், அதன் பின்னால் ஊர்ப் பெயர் எழுதிய பேருந்து நிறுத்தமும். இதற்கு என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. என்ன பொருள், எந்த ஊர், எந்த வழி, எத்தனை மாதம் ஆள் இல்லை என்று ஒரு திருடன் நேரில் நோட்டம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அந்த ஒரு பதிவில் இருக்கிறது. போதாக்குறைக்கு "இந்த வீடு எங்கள் பராமரிப்பில் உள்ளது" என்று செல்பேசி எண்ணோடு ஒரு போர்டை வாசல் கேட்டில் மாட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டுதான். ஒரு வீட்டுக்காரர் துபாய், ஒருவர் பிள்ளையோடு சென்னை, ஒரு வீட்டில் பெரியவர் போன பிறகு திறக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு "யாருப்பா அது, யார் வீட்டுக்கு?" என்று கேட்க ஆள் குறைந்துபோனதால்தான் உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கே இங்கே பிழைப்பு. தெருக்காரர்களுக்கு நான் சிங்கப்பூரில் இருப்பது தெரியும், தெரியத்தான் வேண்டும். அவர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள். தெருவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் என்ன?

அடுத்தது வாசல் விளக்கு. சாயங்காலம் 6 மணிக்கு எரிந்து இரவு 11 மணிக்கு அணையும்படி டைமர் வைத்தீர்கள். வீட்டில் ஆள் இருப்பதுபோல் தெரியும் என்று சொல்லித்தான் அதற்குத் தனியாகப் பணம் வாங்கினீர்கள். யோசனை நல்லதுதான். ஆனால் நீங்கள் வைத்தது சக்கரம் சுற்றுகிற பழைய வகை டைமர். கரண்ட் போனால் சக்கரம் நின்றுவிடும். வந்ததும், விட்ட இடத்திலிருந்து சுற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாவில் கரண்ட் எப்படிப் போய்வரும் என்று கும்பகோணத்தில் அலுவலகம் வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கணக்காகப் பின்தங்கிப் பின்தங்கி, கடைசியில் எங்கள் வாசல் விளக்கு பட்டப்பகலில் எரிந்து, பொழுது சாய்ந்தால் இருட்டாகிவிட்டது. சித்தி இதை உங்கள் ஆளிடம் சொல்லியிருக்கிறார். "ஆபீஸ்ல சொல்றேன்" என்று போனவர் போனவர்தான். நடுப்பகலில் நாள் தவறாமல் எரிகிற வாசல் விளக்கைவிட, வீட்டில் ஆள் இல்லை என்பதற்கு வேறு அறிவிப்பு வேண்டுமா? பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மாதாந்திர ஆய்வு அறிக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடப்பதற்கு முன்பே, டெல்டாவில் மழை கொட்டித் தீர்த்தது. வயலெல்லாம் தண்ணீர் நின்ற அந்த நாட்களில் எங்கள் கொல்லை முருங்கை அடியோடு சாய்ந்துவிட்டது. சித்திதான் ஆள் வைத்து வெட்டி ஒதுக்கினார். ஒரு போத்தை எடுத்துத் தன் வீட்டுக் கொல்லையில் நட்டிருக்கிறார், துளிர்த்தும்விட்டது. உங்கள் டிசம்பர் அறிக்கையில் எங்கள் முருங்கை நிற்கிறது. ஜனவரி அறிக்கையிலும் நிற்கிறது, பூவும் பிஞ்சுமாக. அக்டோபர் அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நிழல், மதில்மேல் அதே காக்கை, அதே பக்கம் பார்த்துக்கொண்டு. ஒரே படத்தைத் தேதி மாற்றி மூன்று மாதம் அனுப்பியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே "நேரில் பரிசோதிக்கப்பட்டது, அனைத்தும் நலம்" என்று கையெழுத்து வேறு.

இது வெறும் சோம்பேறித்தனம் என்று விட்டுவிட முடியாது. என் காப்பீட்டு ஒப்பந்தத்தில், வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்கான பாதுகாப்பு நின்றுவிடும் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. மாதந்தோறும் ஆள் போய்ப் பார்க்கிறார் என்று காட்டித்தான் அந்த நிபந்தனையைத் தளர்த்தி வாங்கியிருந்தேன். இப்போது காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் உங்கள் ஆய்வு அறிக்கைகளைக் கேட்கிறார். எதைக் கொடுப்பது? விழுந்த மரம் நிற்கிற படத்தையா? தெரிந்தே பொய்யான காகிதத்தைக் கொடுக்க நான் தயாரில்லை. என் கோரிக்கை அங்கேயே நிற்கிறது. ஆக, திருடர்கள் எடுத்தது ஒரு பங்கு என்றால், அதைத் திரும்பப் பெறும் வழியை அடைத்தது நீங்கள்.

கேமராக்களைப் பற்றி நினைத்தாலே எரிச்சல் வருகிறது. அக்டோபர் இடி மின்னலுக்குப் பிறகு நான்கில் மூன்று கேமராக்கள் என் செல்பேசியில் தெரியவில்லை. கேட்டபோதெல்லாம் "நெட் பிரச்சினை சார்" என்றீர்கள். நேரில் வந்து பார்த்தால் யூபிஎஸ் பேட்டரி உப்பி வெடித்துக் கிடக்கிறது. பதிவுப் பெட்டியைக் கூடத்து அலமாரியில் கண்ணெதிரே வைத்திருந்ததால் திருடர்கள் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கிளவுடில் சேமிப்பதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள். அங்கே ஒரு நிமிடக் காட்சிகூட இல்லை.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறொன்று. செயலியில் யார் யாருக்கு இந்தக் கேமராக்களைப் பார்க்கும் உரிமை இருக்கிறது என்று பார்த்தால், எனக்குத் தெரியாத செல்பேசிகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒன்று, உங்களிடமிருந்து எப்போதோ வேலையை விட்டுப் போன டெக்னீஷியனுடையது என்று உங்கள் அலுவலகத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். கடவுச்சொல்லும் பெட்டியில் அச்சடித்து வந்ததுதான், மாற்றவே இல்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான இணையக் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் வளைத்துப் பிடித்தது இப்படி மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களை வைத்துத்தான். கேமரா மாட்டுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். விடுமுறைக்கு வரும்போது என் மனைவியும் மகளும் அந்த முற்றத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அதை யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிய வேண்டும்.

போலீஸ் விஷயம். தகவல் தெரிந்ததும் உங்கள் கள அலுவலரை ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன். "ஓனர் நேர்ல வந்தாதான் எஃப்ஐஆர் போடுவாங்க" என்று கையை விரித்துவிட்டார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, மின்னணு முறையிலும் தகவல் கொடுக்கலாம். கொடுத்தவர் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட்டால் போதும். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? நான் மின்னஞ்சலில் புகார் அனுப்பிவிட்டு, திருச்சி விமானம் பிடித்து வந்து கையெழுத்துப் போட்டேன். அங்கே இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டது, "வீடு பூட்டியிருக்குன்னு ஸ்டேஷன்ல ஏன் சொல்லி வைக்கல? ராத்திரி ரோந்துல ஒரு பார்வை பார்த்திருப்போமே." உங்கள் ரசீதில் "காவல் நிலையத்துக்குத் தகவல் அளித்தல்" என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கு ஒரு தொகையும் இருக்கிறது. ஸ்டேஷனில் அப்படி ஒரு கடிதமே இல்லை.

பீரோவையும் கிளறியிருக்கிறார்கள். மூலப்பத்திரம் வங்கி லாக்கரில் இருப்பதால் தப்பியது. ஆனால் பத்திர நகல், பட்டா நகல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் தரையில் இறைந்து கிடந்தன. யாராவது படம் எடுத்துக்கொண்டார்களா என்று யாருக்குத் தெரியும்? உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் போலிப் பவர் பத்திரம் தயாரிக்கிறவர்களுக்கு அது வசதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டு அனுப்புவதும் உங்கள் ஒப்பந்தத்தில் உண்டு. அனுப்பவில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்பதால் நானே பார்த்துவிட்டேன். இதுவரை புதிய பதிவு எதுவும் இல்லை. இனி அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

சரி, எனக்கு வேண்டியது என்ன என்று சொல்கிறேன். அந்த முகநூல் பதிவும் வாசல் போர்டும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போக வேண்டும். எங்கள் வீட்டுச் சாவி, கேமரா இரண்டையும் கையாண்ட எல்லா ஊழியர்களின் பட்டியலையும், வேலையை விட்டுப் போனவர்கள் உட்பட, விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். "தலைமை அலுவலக அனுமதி வேண்டும்" என்று எனக்குச் சொன்ன பதிலை அவரிடமும் சொல்லிப் பார்க்காதீர்கள். கேமரா நிறுவனத்திடமிருந்து உள்நுழைவுப் பதிவுகளை வாங்கி அவருக்கும் எனக்கும் அனுப்ப வேண்டும். அக்டோபர் முதல் ஜனவரி வரை எந்தத் தேதியில் யார் உண்மையில் வீட்டுக்குப் போனார், போகவில்லை என்பதை உள்ளது உள்ளபடி கையெழுத்திட்டுக் கொடுங்கள். காப்பீட்டுக்காரர்களுக்கு அந்தக் காகிதத்தைத்தான் கொடுக்கப்போகிறேன், அது எனக்குப் பாதகமாக இருந்தாலும். இந்த ஆண்டுச் சந்தா முழுவதும், கிளவுடு, டைமர், காவல் நிலையத் தகவல் என்று தனித்தனியாக வாங்கியதும், முதல் தகவல் அறிக்கையில் உள்ள பொருட்களின் மதிப்பும் எனக்குத் திரும்ப வர வேண்டும். அப்புறம், உங்கள் விளம்பரத் துண்டறிக்கையில் "பயிற்சி பெற்ற காவலர்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். காவலர்களை அனுப்பும் நிறுவனத்துக்கு 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் வேண்டும். அதன் நகலையும் அனுப்பி வையுங்கள்.

பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். இணையவழியாகவே மனுப் போடலாம், நான் கட்டிய தொகைக்கு நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கிறவன் இதற்காக எங்கே அலையப்போகிறான் என்று கணக்குப் போட வேண்டாம். மூன்று அறிக்கைகள், முகநூல் பதிவின் திரைப்படிவம், செயலியில் இருந்த செல்பேசிகளின் பட்டியல், முதல் தகவல் அறிக்கை நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பூட்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். உங்கள் ஆட்கள் இனி அந்த வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. பழைய சாவிகள் உங்களிடம் இருப்பவை அத்தனையையும் எதிர்வீட்டில் சித்தியிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை அவர் தூங்குவார், அந்த நேரத்தில் போகாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்