இது மன்னிப்புக் கடிதம் அல்ல

அன்புள்ள மூர்த்திக்கு,

இங்கு அனைவரும் நலம். பதினோரு மாதம் வாய் திறக்காதவன் ஒரே வரியில் நலத்தை முடித்துவிட்டானே என்று பொருமாதே. சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

குடியை விட்டு நேற்றோடு 94 நாள். உன் உதட்டோரச் சிரிப்பு இங்கிருந்தே தெரிகிறது. நான் இதுவரை எத்தனை முறை விட்டிருக்கிறேன் என்ற கணக்கு என்னைவிட உன்னிடம்தான் சரியாக இருக்கும். உன் மகள் கல்யாணத்துக்காக விட்டதும், அந்த மண்டபத்தில் நான் செய்ததும்... அதற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதம் அல்ல இது. அதற்கு எனக்கு இன்னும் அனுமதி வரவில்லை. யாருடைய அனுமதி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முன்பெல்லாம் நான் விட்ட விதமே தவறாம். ஒரு நாள் சபதம் போட்டு அப்படியே நிறுத்துவேன். ஒருமுறை மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்வதைப் பார்த்து நான் அலறியதை என் மனைவி இன்றும் மறக்கவில்லை. அங்கே எறும்பே இல்லை. தினமும் குடிக்கிறவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், புத்தி தடுமாறும், உயிரே கூடப் போகலாம் என்று இந்த முறை மருத்துவர் விளாசித் தள்ளிவிட்டார். எனவே முதலில் சில நாள் மருத்துவமனை, மாத்திரை, உறக்கம். வெளியே வரும்போது, "உடம்புக்கு நான் பார்த்தாயிற்று, மீதிக்கு ஆள் தேடுங்கள்" என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பெயரை எழுதிக் கொடுத்தார். குடியை விட நினைப்பவர்கள் கூடி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு அது.

தேடிய கதை ஒரு கூத்து. முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம்: நான் முயன்றேன், அவர்கள்தான் எடுக்கவில்லை! இரண்டாவது இடத்தில் பூட்டு. கூட்டம் வேறு கிழமைக்கு மாறியிருந்தது. மூன்றாவது இடத்தில் கதவு திறந்திருந்ததால் தப்பிக்க வழியில்லாமல் போனது. கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் போதுமாம். எனக்கு அது பாதிதான் இருந்தது. யாரும் அளந்து பார்க்கவில்லை.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. என்னைப் பற்றிச் சொல்லத் தடையில்லை. ஒருவர் பேசினால் மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதுமில்லை. நம் நண்பர் கூட்டத்தில் யாருக்காவது கிடைத்த பாக்கியமா அது? இரண்டாவது வாரம், பாட்டிலை ஒளித்துவைத்த இடத்தை நானே மறந்து, நடு இரவில் என் வீட்டையே திருடன்போலத் துழாவியதைச் சொன்னேன். உலகிலேயே கேவலமான ரகசியம் என்று நான் பொத்தி வைத்திருந்தது அது. அறையே சிரித்தது. ஏளனமாக அல்ல, தங்கள் வீட்டிலும் தேடியவர்கள் சிரிக்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

"கடவுளை நம்பாத நீ அங்கே எப்படி?" என்று கேட்பாய். குடியிலிருந்து மீள அங்கே ஒவ்வொன்றாகக் கடக்கும் 12 படிகளில் கடவுள் வருகிறார்தான், நாம் புரிந்துகொண்டபடியான கடவுள். "இந்தக் கூட்டமே உன்னைவிடப் பெரிய சக்தி என்று வைத்துக்கொள்" என்றார் என் ஸ்பான்சர், அதாவது படிகளில் எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர். என்னைவிடப் பெரியது என்பதை மறுக்க முடியவில்லை. புள்ளிவிவரப் புலியான உனக்கு ஒன்று: பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமலிருக்க வைப்பதில் இந்த வழி மற்ற சிகிச்சைகளைவிட மேலானது என்றே சொல்கிறது.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது புள்ளிவிவரம் அல்ல, ஒரு பழைய கதை. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைவிட்டுப்போன பில் வில்சன் ஒரு ஹோட்டல் முகப்பில் நிற்கிறார். இந்தக் குழுவைப் பிறகு தொடங்கிய இருவரில் ஒருவர் அவர். குடியை விட்டு ஐந்து மாதம். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. வரிசையாகத் தேவாலயங்களை அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், அந்த இன்னொருவர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் பேசினார். பில் அவரைத் திருத்தப் போகவில்லை, மூர்த்தி. தான் குடிக்காமலிருக்கப் போனார்.

போன வாரம்தான் எனக்கு இது விளங்கியது. அன்று வீட்டில் சண்டை. செருப்பை மாட்டிவிட்டேன். எங்கே போக என்று உனக்குச் சொல்ல வேண்டாம். அப்போது போன்: குழுவுக்குப் புதிதாக வந்தவர், யாரென்று சொல்ல மாட்டேன், "இன்று தாங்காது போலிருக்கிறது" என்றார். செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேசினேன். முடிவில் அவர் எனக்கு நன்றி சொன்னார்! நான் சொல்லியிருக்க வேண்டும், வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. 94 என்று எழுதும்போதே கை கூசுகிறது. மனைவி குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் போகிறாள். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்பதில்லை. கேட்கத் துணிவு இல்லை என்பதே சரி.

அனுமதி விஷயம்: காயப்படுத்தியவர்களின் பட்டியல் எட்டாவது படி, போய் ஈடுசெய்வது ஒன்பதாவது. நான் இன்னும் நான்காவதில், என் குணங்களை ஒளிக்காமல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நோட்டு தீர்ந்துவிட்டது. அவசரப்பட்டுக் கடிதத்தில் மன்னிப்பைத் தள்ளிவிட்டுத் தப்பிக்காதே, நேரில் போ என்கிறார் ஸ்பான்சர். எனவே காத்திரு.

அடுத்த மாதம் ஒரு திறந்த கூட்டம், குடிக்காதவர்களும் வரலாம். நான் பேச வேண்டுமாம். வந்தால் கடைசி வரிசையில் உட்கார். கணக்கு வாத்தியார் வகுப்பில் இருமியதுபோல் மட்டும் இருமிவிடாதே.

உன்
ரங்கன்