வாக்கெடுப்பு முடிந்த பின் முறைப்பாடுகள் எங்கே போகின்றன? தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
தேர்தல் ஆணைக்குழு,
இராஜகிரிய.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

2024 செப்டெம்பர் 21ஆந் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலும், அதே ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலும் இந்நாட்டின் தேர்தல் வரலாற்றிலேயே மிக அமைதியானவற்றுள் அடங்கும் என்று கண்காணிப்பாளர்கள் பலரும் கூறினார்கள். அவ்விரு தேர்தல்களையும் நடத்திய உங்களுக்கும், மாவட்டங்களில் இரவு பகல் பாராது உழைத்த உங்கள் அலுவலர்களுக்கும் முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். கிடைத்த அமைதி அடுத்து வரும் தேர்தல்களிலும் நிலைக்க வேண்டும் என்ற அக்கறையிலேயே இம்மடலை எழுதுகிறேன். வடக்கில் பல தேர்தல்களில் களக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய ஒருவர் என்ற வகையில் என்னிடம் நெடுங்காலமாக இருக்கும் கேள்வி ஒன்றுதான்: பிரசார காலத்தில் பதியப்படும் வன்முறை முறைப்பாடுகள் வாக்கெடுப்பு முடிந்த பின் எங்கே போகின்றன?

இந்நாட்டில் தேர்தல் கண்காணிப்பு எத்தகைய காலங்களினூடாக வளர்ந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். 1987இல் பஃவ்ரல் என்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்பு தோன்றிய மறு ஆண்டிலேயே, வாக்களிக்கச் சென்றால் உயிர் போகும் என்று தெற்கில் நிலவிய அச்சுறுத்தலுக்கு நடுவில் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. 1994 ஒக்டோபரில் கொழும்பு தொட்டலங்கவில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் குண்டு வெடித்து, ஜனாதிபதி வேட்பாளர் காமினி திசாநாயக்க உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1997இல் தேர்தல் வன்முறைகளைக் கண்காணிப்பதற்கான நிலையம் உருவாகி இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள் வடமேல் மாகாண சபைத் தேர்தல் வந்தது. பெண்கள் பொது வீதியில் ஆடை களையப்பட்டு அவமதிக்கப்பட்ட அந்த 1999 ஜனவரியை இன்றும் வெட்கத்துடனேயே நினைக்க வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி இரவு கொழும்பு நகர மண்டபத்தருகே நடந்த குண்டுத் தாக்குதலில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அதே இரவில் ஜா-எலவில் எதிர்க்கட்சியின் கூட்டத்திலும் குண்டு வெடித்தது.

இவற்றுக்கெல்லாம் முன்னர் யாழ்ப்பாணத்தில் நடந்ததை நாம் தேர்தல் வன்முறை என்ற கணக்கில் சேர்ப்பதே இல்லை. 1981 ஜூன் 4ஆந் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே மாத இறுதியில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளர் ஆ. தியாகராஜா சுடப்பட்டு இறந்தார். மே 31ஆந் திகதி நாச்சிமார் கோவிலடியில் நடந்த பிரசாரக் கூட்டத்தில் பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பின் கட்டவிழ்த்து விடப்பட்ட வெறியாட்டத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அலுவலகமும், ஈழநாடு பத்திரிகை நிறுவனமும், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொது நூலகமும் எரிந்தன. அப்படியிருந்தும் குறித்த நாளில் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. நூலகத்தின் அழிவை இனவன்முறையாக நினைவுகூர்கிறோம், அது சரியே. ஆனால் அது ஒரு பிரசார வாரத்தில் நடந்தது என்பதையும், சம்பவங்களை அன்றன்று எழுதி வைக்க ஒரு கண்காணிப்பு அமைப்பு கூட அன்று இருக்கவில்லை என்பதையும், எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்று எழுதி வைப்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சம்பவம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால், களக் கண்காணிப்பாளர் அந்த இடத்துக்குப் போய், நேரம், இடம், கிராம அலுவலர் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் கட்சி, சந்தேகிக்கப்படுபவரின் கட்சி, பொலிஸ் நிலையம், முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்புகிறார். இன்னொருவரிடமும் கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே அது கொழும்புக்குப் போகிறது. கொலை, கொலை முயற்சி, காயம் விளைவித்தல், அச்சுறுத்தல், தீ வைத்தல் போன்றவை பாரிய சம்பவங்களாகவும், ஏனையவை சிறியவையாகவும் வகைப்படுத்தப்படுகின்றன. உங்கள் முறைப்பாட்டு நிலையங்களும் வன்முறை, சட்ட மீறல், ஏனையவை என்று தினமும் எண்ணிக்கை வெளியிடுகின்றன. இதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. படிவத்தின் கடைசியில் பொலிஸ் நடவடிக்கை என்றொரு கூடு இருக்கும். அதில் நான் பெரும்பாலும் எழுதியது 'விசாரணை நடைபெறுகிறது' என்ற இரண்டு சொற்களை. தேர்தல் முடிவுகள் வெளிவந்த பின் அந்தக் கூட்டைத் திருத்தி எழுதும்படி எவரும் என்னைக் கேட்டதில்லை.

அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் நடப்பதைக் கிராமங்களில் இருப்பவர்கள் அறிவார்கள். ஒரு தேர்தலில், சுயேச்சைக் குழு ஒன்றுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் மறித்து அடித்தார்கள். உதடு கிழிந்திருந்தது, கையில் இருந்த தாள்கள் வாய்க்காலில் கிடந்தன. என்ட்ரி போடுவதற்கு அவருடன் நானும் பொலிஸ் நிலையம் போனேன். தமிழில் எழுதக்கூடியவர் அந்நேரம் கடமையில் இல்லை என்றார்கள். அவர் தமிழில் சொன்னதை அரைகுறையாக விளங்கிக்கொண்ட ஓர் அலுவலர் சிங்களத்தில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டாமலேயே கையெழுத்து வாங்கப்பட்டது. தம்மை மறித்தவர்கள் எந்த வேட்பாளரின் ஆட்கள் என்று அவர் மூன்று தடவை சொன்னார். அது அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டதா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாக்கெடுப்பு முடிந்த பின் ஊர்ப் பெரியவர்கள் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார்கள். 'தம்பி, தேர்தல் முடிஞ்சுது, இனி ஏன் இதை இழுப்பான்' என்று தகப்பனே சொல்ல, அவர் முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடித்தவர்கள் அடுத்த தேர்தலிலும் பிரசாரம் செய்தார்கள். அடிவாங்கியவர் வாக்களிக்க மட்டும் வந்தார்.

அந்த இளைஞரின் முறைப்பாடு அந்த ஆண்டின் எண்ணிக்கையில் ஒன்றாக நின்றிருக்கும். அது எப்படி முடிந்தது என்பது எந்த அறிக்கையிலும் இல்லை.

பெயர் பெற்ற ஒருவர் பாதிக்கப்படும்போது நிலைமை வேறாக இருக்கிறது. 2011 ஒக்டோபர் 8ஆந் திகதி, உள்ளூராட்சித் தேர்தல் நாளில், முல்லேரியாவில் ஆளுங்கட்சிக் கூட்டணிக்குள்ளேயே நடந்த மோதலில் அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவும் மேலும் மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2016இல் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் வேறு சிலருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2018இல் உயர் நீதிமன்றம் துமிந்த சில்வாவின் தண்டனையை உறுதி செய்தது. 2021இல் ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2024 ஜனவரியில் அந்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. இவ்வழக்கின் ஒவ்வொரு கட்டமும் பொதுமக்களுக்குத் தெரியும். கொல்லப்பட்டவரின் குடும்பமும் ஊடகங்களும் விடாமல் பின்தொடர்ந்ததாலேயே தெரிந்தது. பின்தொடர எவருமில்லாத சாதாரண ஆதரவாளர் ஒருவரின் வழக்கை ஓர் அமைப்பாவது பின்தொடர வேண்டும். அதற்கான அதிகாரமும் பொறுப்பும் உங்களுக்கே அதிகம் என்று நம்புகிறேன்.

வாக்கெடுப்பு நிலையம் ஒன்றில் வன்முறை காரணமாக வாக்கெடுப்பு முறையாக நடக்கவில்லையென்றால், அந்நிலையத்தின் வாக்கெடுப்பை வெற்றும் வறிதுமாக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த ஏற்பாடு இருப்பதாலேயே வாக்களிப்பு நாளில் பெட்டி பறிப்பதற்கும் கள்ள வாக்குப் போடுவதற்கும் இன்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் வாக்களிப்புக்கு மூன்று வாரம் முன்னர் ஒரு கிராமத்தில் எதிர்த்தரப்பு அலுவலகம் எரிக்கப்பட்டு, அதன் பின் அங்கே அந்தக் கட்சிக்காக எவரும் வெளியில் வராமற்போனால், அதற்கு ஈடு செய்ய அப்படியொரு ஏற்பாடு இல்லை. பிரசார கால வன்முறைக்குப் பெரும்பாலும் இருக்கும் பரிகாரம் குற்றவியல் வழக்கே. அந்த வழக்கும் காணாமற்போனால், அந்த வன்முறை வென்றதாகவே ஆகிறது. தேர்தல் காலத்தில் உங்கள் கடமைக்கென ஒதுக்கப்படும் பொலிஸார் உங்களுக்கே பொறுப்புக்கூற வேண்டும் என்று அரசியலமைப்பின் 104இ உறுப்புரை சொல்கிறது. அவர்கள் எடுத்த முறைப்பாடுகள் என்னவாயின என்ற அறிக்கையைத் தேர்தல் முடிந்த பின்னரும் கேட்டுப் பெறுவது, அந்தப் பொறுப்புக்கூறலின் இயல்பான தொடர்ச்சி என்றே நான் கருதுகிறேன்.

எண்ணிக்கை குறைந்தால் மட்டும் அமைதி வந்துவிட்டதாகக் கொள்ளவும் முடியாது. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 2 பேர் கூட இல்லை. விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அறிவித்தலுக்கும் மிரட்டலுக்கும் அஞ்சி மக்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஒரு மாவட்டம் முழுவதன் வாக்குரிமையும் பறிபோன அந்த நாளைப் பாரிய சம்பவம், சிறிய சம்பவம் என்று எண்ணும் அட்டவணை எதனாலும் அளவிட முடியாது. 2013 செப்டெம்பர் வட மாகாண சபைத் தேர்தலுக்கு ஓரிரு நாள் முன்னர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரனின் வீடு இரவில் தாக்கப்பட்டது. வாக்களிப்பு நாள் காலையில், அவர் அரசாங்கத்துடன் சேர்ந்துவிட்டார் என்று எழுதிய போலி உதயன் பத்திரிகை விநியோகிக்கப்பட்டது. வீட்டைத் தாக்கியதற்குப் படிவத்தில் இடமுண்டு. போலிப் பத்திரிகைக்கு எந்தக் கூடு? பெண் வேட்பாளர்களை அவர்களுடைய நடத்தையைச் சொல்லி இழிவுபடுத்தும் கைபேசிச் செய்திகளும் படங்களும் உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீத ஒதுக்கீடு வந்த பின் பெருகியிருக்கின்றன. இவற்றால் வேட்புமனுவே போடாமல் பின்வாங்கும் பெண்களின் எண்ணிக்கை எந்த முறைப்பாட்டுப் புத்தகத்திலும் வருவதில்லை.

புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற முஸ்லிம் மக்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட இம்மக்களில் பலர், புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் வாக்காளர்களாகப் பதிந்திருக்கிறார்கள். 2019 நவம்பர் 16ஆந் திகதி அதிகாலை அவர்கள் சென்ற பஸ் தொடரணி அனுராதபுர மாவட்டத்தின் தந்திரிமலையில் மறிக்கப்பட்டது. வீதியில் டயர்கள் எரிக்கப்பட்டன, கல் வீசப்பட்டது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. எவரும் உயிரிழக்கவில்லை என்பதால் அன்றைய தலைப்புச் செய்தியோடு அது கடந்து போனது. குழந்தைகளையும் வயோதிபர்களையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாகப் புறப்பட்ட அக்குடும்பங்களுக்கு, அடுத்த தேர்தலில் அதே வீதியால் போகலாமா என்ற கேள்வி உண்டு. தாக்கியவர்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை இதுவென்று ஒரு தாளைக் காட்ட முடிந்தால்தான் அவர்களுக்கு நாம் பதில் சொல்ல முடியும்.

கண்காணிப்பு அமைப்புகளின் தலைவர்களுக்கும் இம்மடலூடாக ஒரு வேண்டுகோள். உங்களுடைய நிதி பெரும்பாலும் தேர்தலோடு வந்து தேர்தலோடு முடிந்துவிடுகிறது என்பதை நான் அறிவேன். அப்படியிருந்தும், இடைக்கால எண்ணிக்கையை முதலில் வெளியிடுவதில் காட்டும் வேகத்தின் ஒரு பகுதியையாவது, பாரிய சம்பவங்களின் பின்விளைவைத் தேடுவதற்கு ஒதுக்குங்கள். ஒரே சம்பவத்தை ஒவ்வோர் அமைப்பும் ஒவ்வொரு பெயரில் வகைப்படுத்துவதால் ஒரு தேர்தலை இன்னொன்றோடு ஒப்பிட முடியாமல் இருக்கிறது; பொதுவான வகைப்பாடு ஒன்றுக்கு நீங்கள் உடன்பட்டாலே பெரிய காரியம்.

ஆணைக்குழுவிடம் நான் கேட்பது இவைதான். ஒவ்வொரு தேர்தலும் முடிந்து ஓராண்டுக்குள், வன்முறையாகப் பதியப்பட்ட முறைப்பாடுகள் மாவட்ட வாரியாக எந்நிலையில் இருக்கின்றன என்பதை, அதாவது நீதிமன்றம் போனவை, மத்தியஸ்த சபைக்கு அனுப்பப்பட்டவை, திரும்பப் பெறப்பட்டவை, சந்தேக நபர் இனங்காணப்படாதவை என்று, முறைப்பாட்டாளரின் பெயர் வெளிவராதபடி மூன்று மொழிகளிலும் வெளியிடுங்கள். தேர்தல் காலத்தில் தமிழ் பேசும் மக்கள் வாழும் பகுதிகளிலுள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழில் எழுதக்கூடிய ஒருவர் எந்நேரமும் கடமையில் இருப்பதைப் பொலிஸ் மா அதிபரிடம் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கண்காணிப்பாளர்கள் உங்கள் அனுமதியின் பேரில் மட்டும் இயங்கும் நிலை மாறி, அவர்களுடைய உரிமைகளும் கடமைகளும் சட்டத்தில் எழுதப்பட நீங்களே பாராளுமன்றத்துக்குப் பரிந்துரையுங்கள். இவற்றைத் தொடங்க அடுத்த தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2024இல் நடந்த இரு தேர்தல்களிலும் முறைப்பாடுகள் குறைவு என்பதால் அவற்றின் முடிவுகளைத் தொகுப்பதும் இலகு. முதலாவது அறிக்கையை அவற்றிலிருந்தே தொடங்கி வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
முன்னாள் களக் கண்காணிப்பாளர் ஒருவர்,
வட மாகாணம்.