கண்ணாடி மணிக் காட்சியறை, மாந்தை: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. தைப்பொங்கல் கொண்டாடினோம். ஒழுகிய கூரையின் ஓடுகளை மாற்றினோம். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் வந்த அடியார்கள் சிலர் இங்கும் வந்து பார்த்தார்கள்.

மாந்தையில் முன்பு இருந்த மாதோட்டத் துறைமுகத்தில் கண்ணாடி மணி செய்தார்கள் என்பது நம் ஊரில் பலருக்கு இன்னும் தெரியாது. அங்கே 1980இல் தொடங்கிய அகழ்வு 1984இல் போரால் நின்றுபோனது. உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, சின்னச் சின்னதாக நறுக்கி, மறுபடி சூடாக்கி முனை மழுக்குவார்கள். ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கிருந்து வாங்கிய ஒரு சரம் நம் அலுமாரியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நான் கோதுமை மாவை ஈர்க்கில் சுற்றி உருட்டி, ஈர்க்கை உருவி, நறுக்கிக் காட்டினேன். துளை எப்படி வந்தது என்று அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

இந்த வருஷம் போத்தல் விளக்குத் தட்டு ஒன்றும் வைத்தேன். போரால் மண்ணெண்ணெய்த் தடை இருந்த 1990களில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சமாக எண்ணெய் விட்டு, நூல்திரியில் எரித்த விளக்குகள். "மணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஒரு அம்மா தன் விளக்கைச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்தார். மூடியில் கரி அப்படியே இருந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்து அலுமாரியில் இருந்த மணிகளை அரை மணி நேரம் பார்த்தார். அடுத்த கிழமை பேரப்பிள்ளைகளையும் கூட்டிவந்தார். சம்பந்தம் இதுதான்.

மழைக்குப் பின் மணி ஏதும் தென்பட்டால் தோண்டாதீர்கள், எங்களிடமும் கொண்டுவராதீர்கள். தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

அந்த மாவுப் பயிற்சி நாளில் உதவிக்கு வருவதாகச் சொன்னவர்களில் வந்தவர் ஒருவர்தான். பதிவேட்டில் பெயர் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சந்தா கட்டவில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பிய உதவியால் மின்கட்டணம் தீர்ந்தது. வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. விபரம் பொருளாளரிடம் உண்டு.

தலைவருக்கும், பொருளாளருக்கும், அறையைக் கூட்டித் தரும் அக்காவுக்கும், விளக்குத் தந்த எல்லோருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். சனிக்கிழமைகளில் நானே திறக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து வருபவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தப் பூட்டின் திறப்பில் இன்னொரு படி வெட்டி வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அது இந்த மேசையிலேயே இருக்கும்.